சுருங்காத பெட்டி

திரையிலிருந்து ஒரு பெட்டி காணாமல் போனதை அந்த அறையில் ஜோவிட்டாவைத் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை. அவள் கவனித்ததற்கும் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அது அவளுடைய அண்ணன் இன்னாசியின் வள்ளம்.

தூத்துக்குடி கடல் கண்காணிப்பு நிலையம் என்றதும் வானத்தைத் தொடும் கண்ணாடிக் கோபுரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இன்னும் நாற்பது வருஷம் கழித்தும் அரசாங்கக் கட்டடம் அரசாங்கக் கட்டடம்தான். துறைமுகச் சாலையில் இரண்டு மாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. மேல்மாடியில் மேசைக்கு மேசை அகலமான கணினித் திரைகள். மன்னார் வளைகுடாவில் மிதக்கிற ஒவ்வொன்றுக்கும், பெரிய சரக்குக் கப்பலிலிருந்து நாலு பேர் போகிற வள்ளம் வரைக்கும், அந்தத் திரையில் ஒரு பெட்டி உண்டு. பெட்டிக்குள் பெயர், வேகம், போகிற திசை, எஞ்சினின் சூடு, காற்று எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். எந்தப் பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், எங்கே உட்காரவேண்டும் என்பதை மனிதர்கள் தீர்மானிப்பதில்லை. அதற்கென்று ஒரு நிரல் இருந்தது. எல்லாரும் அதை அடுக்கி என்றார்கள். அதைப் பராமரிப்பதுதான் ஜோவிட்டாவின் வேலை.

அடுக்கியைச் சும்மா குறை சொல்லவும் கூடாது. அது வருவதற்கு முன்னால் பெட்டிகளைக் கையால் இழுத்து இழுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். படகுகள் பெருகியதும் பெட்டி மேல் பெட்டி ஏறியது. ஒருநாள் ஒரு கப்பலின் பெட்டிக்கு அடியில் ஒரு விசைப்படகின் பெட்டி மறைந்து கிடந்தது; கொஞ்ச நேரத்தில் நிஜக் கடலிலும் அதுவே நடந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் கையால் பெட்டியைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டு அடுக்கியைக் கொண்டுவந்தார்கள். கடலில் யாருக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ, திரையிலும் அவர்களை அடுத்தடுத்து வைக்கும். நிறையச் சொல்ல இருப்பவருக்கு நிறைய இடம், கொஞ்சம் சொல்ல இருப்பவருக்குக் கொஞ்சம் இடம். ஒன்றுமே பேசாதவருக்கு இடமே கிடையாது. திரையில் ஒரு விரற்கடை கூட வீணாகாது என்று அதைச் செய்தவர்கள் பெருமையடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கடைசி விதியில்தான் வில்லங்கம் இருந்தது.

அன்றைக்கு 'அந்தோணியார் துணை' என்ற பெட்டிக்குள் இருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக மங்கின. பெட்டி காலியானது. காலியானதும் சுருங்கியது. பக்கத்துப் பெட்டிகள் இரண்டும் அந்த இடத்தில் சாவகாசமாகக் காலை நீட்டிக்கொண்டன. கண்ணை மூடித் திறப்பதற்குள் அப்படி ஒரு வள்ளம் இருந்ததற்கான அடையாளமே இல்லை. ஜோவிட்டா பதறி எழுந்தாள். ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள் அவளை வினோதமாகப் பார்த்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்கள் கண்ணுக்கு எல்லாப் பெட்டியும் நிறைவாக, அழகாக இருந்தன.

சாயங்காலம் இன்னாசி வேறொரு படகு கட்டி இழுக்க, பல்லைக் காட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். பேட்டரி செத்துப்போச்சாம். இதற்குப் போய் ஏன் அழுகிறாய் என்று தங்கச்சியைக் கிண்டலடித்தான்.

"பேட்டரிக்கு அழல," என்றாள் ஜோவிட்டா. "அந்த ரூம்ல அத்தன பேரு கண்ணு முழிச்சுப் பாத்துட்டு இருந்தோம். நீ இல்லாமப் போனது ஒருத்தருக்கும் தெரியல."

இன்னாசிக்கு அதற்குமேல் சிரிப்பு வரவில்லை. வலையை உதறப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டான்.

மறுநாள் காலை ஜோவிட்டா இயக்குநரின் அறைக் கதவைத் தட்டினாள். இயக்குநர் மங்கையர்க்கரசி மதுரைக்காரர். கண்டிப்பானவர் என்று பெயர். ஆனால் யார் சொன்னாலும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் திட்டுவார். மூத்த கண்காணிப்பாளர் பீர் முகமதுவும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காயல்பட்டினம். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அலுவலகம் முழுக்க அவரைக் காக்கா என்றே கூப்பிட்டது.

"மேடம், ஒரு வள்ளம் எப்பப் பேச்ச நிறுத்தும்?" என்று ஆரம்பித்தாள் ஜோவிட்டா.

"கரைக்கு வந்ததும்."

"இல்லன்னா முங்கும்போது. இந்த ரெண்டுக்கும் நம்ம திரை ஒரே காரியத்தத்தான் செய்யுது. பெட்டிய அழிச்சிருது. யாரத் தேடிப் போகணுமோ அவங்களத்தான் மொதல்ல அழிக்கிது."

மங்கையர்க்கரசி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நியாயம்தான். காலிப் பெட்டிய அழிக்காம வச்சுக்கிருவோம். உங்க ஊர் ஆளுங்க கரை கண்ணுக்குத் தெரிஞ்சதும் என்ன பண்றாங்க? சொல்லாம கொள்ளாம ரேடியோவ அணைச்சிர்றாங்க. சாயங்காலம் திரை பூராவும் காலிப் பெட்டியா நிக்கும். அதுல எது கரையில இருக்கு, எது கடலுக்கு அடியில இருக்குன்னு நீங்க சொல்வீங்களா?"

பீர் முகமது டீ கிளாஸை வைத்துவிட்டு, மேடம் கேட்டது சரிதானே என்பதுபோலத் தலையைச் சொறிந்துகொண்டார். ஜோவிட்டா முகம் தொங்கிப்போய் வெளியே வந்தாள்.

பதில் ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூர் பஸ்ஸில் கிடைத்தது. எந்தக் காலமானால் என்ன, பஸ்ஸில் டிரைவர் போய்விட்டார், கண்டக்டர் போய்விட்டார், ஜன்னல் வழியாகத் துண்டு வீசி இடம் பிடிப்பது மட்டும் போகவில்லை. பஸ் நிலையத்துக்குள் வண்டி நுழையும்போதே நாலைந்து துண்டுகள், ஒரு மஞ்சள் பை, ஒரு குழந்தையின் தொப்பி எல்லாம் இருக்கையில் போய் விழுந்தன. ஜோவிட்டா ஏறி நின்றபோது வண்டியில் நெரிசல் பிதுங்கியது. நடுவில் ஒரு இருக்கையில் ஈரிழைத் துண்டு ஒன்று மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. வாட்டசாட்டமான ஆள் ஒருவர் அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு உட்காரப் பார்த்தார். அவ்வளவுதான், முன்பின் தெரியாத பத்துப் பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். துண்டு போட்டிருக்குல்லா, ஆள் வரும்லா, கண்ணு தெரியலையா என்று ஒரே சத்தம். அவர் துண்டைப் பழையபடி விரித்து வைத்துவிட்டு நின்றுகொண்டார். துண்டுக்காரர் யாரென்று அதுவரை ஒருவருக்கும் தெரியாது.

பிறகு ஒரு அம்மாள் இரண்டு பைகளோடு இடித்துப் பிடித்து வந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஜோவிட்டா அதையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டை யார் போட்டாரோ அவர்தான் எடுக்கவேண்டும். மேடத்தின் கேள்விக்கு இதுதானே பதில் என்று தோன்றியதும் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டாள்.

அடுக்கி ஒவ்வொரு பெட்டியிடமும் மூன்று கேள்விகள் கேட்கும்: உனக்கு எவ்வளவு இடம் வேண்டும், அதிகம் போனால் எவ்வளவு, எவ்வளவு நெருக்கினாலும் எதற்குக் கீழே போகமாட்டாய்? காலிப் பெட்டியிடம் மட்டும் எதையும் கேட்காது. ஜோவிட்டா அந்த மூன்றாவது கேள்வியைக் காலிப் பெட்டிக்கும் உரியதாக்கினாள். ஒருமுறை பேசிய படகு அப்புறம் பேசினாலும் பேசாவிட்டாலும் அதன் பெட்டி உள்ளங்கை அளவுக்குக் கீழே சுருங்காது; பெயர் மட்டும் ஓரத்தில் நிற்கும். 'கரை ஏறிட்டோம்' என்று அந்தப் படகில் போனவரின் குரலே சொன்னால்தான் பெட்டி மூடும். வேறு யார் சொன்னாலும் மூடாது. அடித்துப் பிடித்து எழுதி முடித்து, திங்கட்கிழமை காலையில் மங்கையர்க்கரசியின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் நெடுநேரம் பார்த்தார். மழைக்காலம் முடியும்வரை வைத்துப் பார்க்கலாம் என்றார். ஆனால் பொழுது சாய்ந்த பிறகும் திரையில் காலிப் பெட்டிகள் குவிந்து கிடந்தால் எந்தச் சமாதானமும் கேட்காமல் இதைத் தூக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

குவியத்தான் செய்தன. முதல் நாள் சாயங்காலம் திரை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பெட்டிகள். மீன்காரர்களெல்லாம் வீட்டில் குளித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, திரையில் பாதிப் பேர் காணாமல் போயிருந்தார்கள். சரக்குக் கப்பல் கம்பெனிகள் தங்கள் விவரமெல்லாம் எறும்பு எழுத்தில் தெரிவதாகப் புகார் அனுப்பின. இன்னும் சில நாள்தான் என்று மங்கையர்க்கரசி கெடு வைக்க, ஜோவிட்டா படகுத்துறைக்கு ஓடினாள். ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்துக் கேட்டாள். பொண்டாட்டியிடமே சொல்லிக்கொண்டு வருவதில்லை, மெஷினிடம் சொல்லிக்கொண்டு வரவேண்டுமா என்று அவர்கள் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவன் அவளுடைய அண்ணனேதான்.

அவன் பொண்டாட்டி அமலி சிரிக்கவில்லை. மீன் ஏலக்கூடத்தில் ஏலம் விடுவது அவள்தான். நாத்தனார் சொன்னதை நின்று கேட்டாள். கேட்டுவிட்டு, மற்ற பெண்களோடு கொஞ்சநேரம் குசுகுசுவென்று பேசினாள். மறுநாள் இன்னாசி கூடை நிறையச் சீலா மீனோடு வந்து நின்றபோது அமலி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கரை ஏறிட்டோம்னு சொல்லியாச்சா?" என்றாள்.

"ஏட்டி, உன் முன்னாலதான நிக்கேன்."

"என் முன்னால நிக்கது இருக்கட்டும். அங்க சொல்லிட்டு வாரும். சொல்லாத வள்ளத்து மீன் இந்தக் கூடத்துல ஏலம் போவாது."

கூடம் முழுக்கப் பெண்கள் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். இன்னாசி முணுமுணுத்துக்கொண்டே வள்ளத்துக்குத் திரும்பினான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அதே கதிதான். சீக்கிரமே கரையில் கால் வைப்பதற்கு முன் ரேடியோவில் கத்துவது வழக்கமாகிவிட்டது. பொழுது சாயும்போது பெட்டிகள் பொட்டுப் பொட்டென்று மூடிக்கொண்டே வருவதைப் பார்க்கப் பீர் முகமது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கடைசிப் பெட்டி மூடியதும்தான் வீட்டுக்குக் கிளம்புவார்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், நண்பகலில், யாரும் எதிர்பாராமல் காற்று திரும்பியது. வானிலை அறிவிப்பில் மழை என்றிருந்ததே தவிரப் புயல் என்று இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஜன்னலுக்கு வெளியே கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. திரையில் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் இடம் கேட்க ஆரம்பித்தன. கப்பல்கள் திசை மாற்றின, படகுகள் உதவி கேட்டன. ஒவ்வொரு வள்ளமாகக் கரை சேர்ந்து பெட்டிகள் மூட மூட, அறையில் இருந்தவர்கள் மூச்சு விட்டுக்கொண்டார்கள். அப்போது 'அந்தோணியார் துணை'க்குள் இருந்த எழுத்துகள் மங்கின.

இந்த முறை பேட்டரி புதியது என்று ஜோவிட்டாவுக்குத் தெரியும். வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்.

ஆனால் பெட்டி சுருங்கவில்லை. சுற்றிலும் சிவப்பும் மஞ்சளுமாக எல்லாம் துடித்துக்கொண்டிருக்க, நட்ட நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளை நின்றது. பக்கத்துப் பெட்டிகள் முட்டி மோதின, அது அசையவில்லை. யாரும் யாரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அந்த அறையில் இருந்த அத்தனை தலைகளும் தானாகவே அந்தப் பக்கம் திரும்பின.

"இன்னாசி," என்றார் பீர் முகமது.

அந்த நேரம் பார்த்து அடுக்கி திரையின் குறுக்கே ஒரு கேள்வியைப் போட்டது. இடம் போதவில்லை, பேசாத பெட்டிகளை நீக்கிவிடலாமா, ஆம் அல்லது இல்லை. துறைமுக வாசலில் மூன்று பெரிய கப்பல்கள் நின்றன. அவற்றின் எழுத்துகள் உண்மையாகவே எறும்பு அளவுக்குப் போய்விட்டன. கப்பல் கம்பெனிக்காரர் ஒருவர் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். பதில் சொல்லும் அதிகாரம் இயக்குநருக்கு மட்டும்தான். மங்கையர்க்கரசி வந்து ஜோவிட்டாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். ஜோவிட்டா ஒன்றும் கேட்கவில்லை; தன் அண்ணனுக்காகக் கேட்பதுபோல் ஆகிவிடுமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கப்பல் எழுத்து சின்னதாப் போனா கண்ணாடியப் போட்டுப் படிச்சுக்கலாம்," என்றார் மங்கையர்க்கரசி. "இது போச்சுன்னா எதப் போட்டுப் படிக்கிறது?"

'இல்லை' என்பதை அவரே அழுத்தினார். அழுத்திவிட்டுத் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் நீட்டினார்.

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. வெள்ளைப் பெட்டிக்கு இடப்பக்கம் 'ஜெபமாலை', வலப்பக்கம் 'கடலரசி'. இரண்டு வள்ளத்தையும் பீர் முகமது கூப்பிட்டார். காசுவார் தீவுக்குத் தெற்கே ஒரு பெரிய அலைக்குப் பிறகு இன்னாசியைப் பார்க்கவில்லை என்று 'ஜெபமாலை' சொன்னது. ரோந்துப் படகு அங்கே பறந்தது. ஜோவிட்டா ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு, வாய்க்குள் தெரிந்த ஜெபத்தையெல்லாம் குழப்பியடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நெடுநேரம் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. பிறகு ரோந்துப் படகின் கேப்டன், வள்ளம் கவிழ்ந்து கிடக்கிறது, நாலு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறார்கள், நாலு பேருக்கும் உயிர் இருக்கிறது என்றார்.

அறை அதிர்ந்தது. பீர் முகமது அழுதார். யாரோ யாரையோ கட்டிப்பிடித்தார்கள். மங்கையர்க்கரசி முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும் உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கேப்டனின் ரேடியோ வழியாக இன்னாசியே பேசினான். கரை ஏறினதும் மொதல்ல சொல்லிருதேன் தங்கச்சி, அமலிகிட்ட மட்டும் போட்டுக் குடுத்துராத என்றான். ஜோவிட்டா சிரித்துக்கொண்டே அழுதாள். அவளுக்கு அந்த நிமிஷத்தில் உலகத்தில் வேறு குறையே இல்லை.

"எல்லாம் சரி," என்றார் பீர் முகமது, திரையை உற்றுப் பார்த்து. "இது யாரு?"

இடது ஓரத்தில், 'ஜெபமாலை'க்கும் ஒரு எண்ணெய்க் கப்பலுக்கும் நடுவில், இன்னொரு வெள்ளைப் பெட்டி நின்றது. அதற்குப் பெயர் இல்லை. நம்பர் இல்லை. இன்னாசியைப் பார்த்த கண்களுக்கு அது தெரியவில்லை. வளைகுடாவில் பதிவான படகுகள் எல்லாம் கணக்குக்கு வந்துவிட்டன. இது ஒன்றுமில்லை, நிரல் குழம்பியிருக்கும் என்றார் ஒருவர். ஜோவிட்டாவும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். தான் எழுதியதைத் திறந்து படித்தாள். படித்ததும் மங்கையர்க்கரசியிடம் திரும்பினாள்.

"மேடம், தப்பு என் மேலதான்," என்றாள். "பேசுறது பதிவான படகுதானான்னு கேக்குற வரிய எழுதணும். அவசரத்துல விட்டுட்டேன். யாரு பேசுனாலும் இடம் வச்சிருக்கு."

"அப்ப அங்க யாரு?"

"தெரியாது மேடம். யாரோ ஒரு தடவ பேசிருக்காங்க. 'ஜெபமாலை' ரேடியோவுலயும் அந்தக் கப்பல் ரேடியோவுலயும் விழுந்திருக்கு, அதான் ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. இரைச்சல்ல நம்ம காதுக்குக் கேக்கல. கரை ஏறிட்டோம்னு இன்னும் சொல்லல."

ரோந்துப் படகு அதற்குள் கரையை நோக்கித் திரும்பியிருந்தது. அதில் நனைந்து நடுங்கும் நாலு பேர். ஒருவன் அவளுடைய அண்ணன். பேரில்லாத ஒரு பெட்டிக்காக அதைத் திருப்பிப் புயலுக்குள் அனுப்பச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. மங்கையர்க்கரசி அவளைப் பார்த்தார், அவள் மங்கையர்க்கரசியைப் பார்த்தாள். ரேடியோ திறந்தே இருந்ததால் பேச்சு முழுவதும் படகில் கேட்டிருக்கிறது.

"என்னத்த யோசிக்கிய?" என்றது இன்னாசியின் குரல். "படகத் திருப்பியாச்சு. எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

பொழுது மங்கும் நேரத்தில் ரோந்துப் படகு துறைமுகத்துக்குள் வந்தது. மழையில் ஊரே திரண்டு நின்றது. முதலில் இன்னாசி 'கரை ஏறிட்டோம்' என்று ரேடியோவில் கத்திவிட்டுத் தன் ஆட்களோடு இறங்க, அமலி ஓடிப்போய் அவனை நாலு அடி அடித்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். அவர்களுக்குப் பின்னால் போர்வை சுற்றிய மூன்று பேர் இறங்கினார்கள்: ஒரு நடுவயதுக்காரர், அவருடைய தம்பி, தம்பியின் மனைவி. அக்கரையில் மன்னாரிலிருந்து வந்தவர்கள். இயந்திரம் நின்றுபோய்க் காற்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டதாம். கையிலிருந்த பழைய ரேடியோவில் ஒரே ஒரு தடவை, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அதோடு அதுவும் செத்துவிட்டது. கூட்டம் அவர்களையும் கை தட்டி, விசிலடித்துத்தான் வரவேற்றது. அதிகாரிகள் காகிதங்களோடு காத்திருந்தார்கள். அதெல்லாம் டீ குடித்த பிறகு என்று மங்கையர்க்கரசி அவர்களை ஓரமாக நிறுத்தி வைத்தார்.

ஜோவிட்டா தன் ரேடியோவை மூவரில் மூத்தவரிடம் நீட்டி, என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் அதை வாங்கினார்.

"கரைக்கு வந்திட்டம்," என்றார்.

பெட்டி மூடிவிட்டது என்று மேல்மாடியிலிருந்து பீர் முகமது கத்தினார். அன்றைக்குத் திரையில் ஒரு வெள்ளைப் பெட்டி கூட மிச்சமில்லை.

மூத்தவர் ரேடியோவைத் திருப்பிக் கொடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கட படகு உங்கட பதிவிலயே இல்லையே, தங்கச்சி. பிறகு எப்பிடி நாங்கள் உங்கட திரையில தெரிஞ்சனாங்கள்?"

"நீங்க தெரியலண்ணே," என்றாள் ஜோவிட்டா. "அதான் தேடி வந்தோம்."